மயில்துத்தமும் உன் முதல் துளியும்

போன வாரம் வில்லியனூர் ரோட்டில் இருக்கிற உரக்கடைக்குப் போயிருந்தேன். மாடியில் தொட்டியில் வளர்க்கிற எலுமிச்சைச் செடிக்கு இலையெல்லாம் சொறி பிடித்துவிட்டது, மருந்து கேட்கலாம் என்று. எனக்கு முன்னால் இரண்டு விவசாயிகள் கடைக்காரரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். பாகூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர், தன் தென்னைக்குத் துருசுதான் வேண்டும், மயில்துத்தம் ஆகாது என்றார். இன்னொருவர், தனக்கு மயில்துத்தம்தான் வேண்டும், துருசைத் தலையில் கட்டிவிடாதே என்றார். கடைக்காரர் உள்ளே போய் இரண்டு பையோடு திரும்பி வந்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். நான் நின்ற இடத்திலிருந்து உள்ளே தெரிந்தது. இரண்டுமே ஒரே மூட்டையில் அள்ளிய அதே நீல உப்பு, காப்பர் சல்பேட்.

அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டே போனார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உன்னிடம் சொல்லலாம் என்று பக்கத்தில் திரும்பிவிட்டேன். அங்கே பூச்சிமருந்து டப்பாதான் அடுக்கியிருந்தது. நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது, இந்தக் கழுத்துக்கு அது இன்னும் தெரியவில்லை.

கடைக்காரர் எனக்கும் கொஞ்சம் பொட்டலம் கட்டினார். சுண்ணாம்போடு கலந்து தெளிக்கச் சொன்னார், இரும்பு வாளியில் கரைக்காதே என்றும் சொன்னார். எனக்கா சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நாமிருவரும் ரத்த வங்கியில் டெக்னீஷியனாகச் சேர்ந்த நாள் முதல் அந்த நீலத் தண்ணீரோடுதான் குடித்தனம் நடத்தினோம். வீட்டில் புருஷன் முகத்தைப் பார்த்ததைவிட அந்தக் கண்ணாடி ஜாடியைப் பார்த்ததுதான் அதிகம் என்று நீ சொல்வாய். உன் வீட்டுக்காரர் அதைக் கேட்டுக்கொண்டே டீ ஆற்றுவார்.

எல்லோருக்கும் மயில்துத்தம் ஒரு வேலைக்குத்தான் தெரியும். விவசாயிக்கு அது பூஞ்சை மருந்து. ஆடு வளர்க்கிறவர்களுக்கு அது குளம்புப் புண்ணுக்குக் காலை நனைக்கிற தண்ணீர். நம்மூர் மேட்டுப்பாளையத்தில் முலாம் பூசுகிற பட்டறைக்காரர் ஒருவர் நம் ரத்ததான முகாமுக்கு வந்தபோது ஜாடியைப் பார்த்துவிட்டு, "இது எங்க தொட்டில இருக்கிறதாச்சே, இங்க இன்னா பண்ணுது" என்று கேட்டது நினைவிருக்கிறதா? நீ அவருக்குத் தனியாக ஒரு கண்ணாடிக் கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, உன் முந்தானையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி உள்ளே போட்டாய். அவர் ரத்தம் கொடுத்து முடித்து எழுவதற்குள் ஊக்கு செம்பு பூத்துச் சிவந்திருந்தது. தினமும் அதே வேலை செய்கிற மனுஷன், புதிதாகப் பார்க்கிற மாதிரி அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உன் அப்பா மில்லில் சாயப் பிரிவில் இருந்தபோது அங்கேயும் இதே உப்புதான் என்று நீ அவரிடம் சொன்னாய். அவர் போனபிறகு என்னிடம் சொன்னாய்: "இது நம்ம மாதிரிடி. வயல்லயும் வேல, கம்பெனிலயும் வேல, ஆஸ்பத்திரிலயும் வேல. பேருதான் எடத்துக்கு எடம் மாறுது."

நம் வேலை என்னவென்று வெளியே இருப்பவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ரத்தம் கொடுக்க வருகிறவர் விரலில் குத்தி ஒரு சொட்டை அந்த நீலத் தண்ணீருக்குள் விட வேண்டும், அவ்வளவுதான். விழுந்த உடனே செம்பும் ரத்தமும் சேர்ந்து அந்தச் சொட்டைச் சுற்றி ஒரு மெல்லிய தோல் கட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரத்துக்கு அது கரையாது, கலையாது. ரத்தத்தில் தேவையான அளவு சத்து இருந்தால் கனத்தோடு நேராக அடியில் போய் உட்காரும். இல்லையென்றால் மிதக்கும், அல்லது பாதி தூரம் போய்த் திரும்பி வரும். தண்ணீரை அந்தக் கனத்துக்குச் சரியாகக் கலந்து வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இன்றைக்கு அந்தச் சத்தை அளக்க மெஷின் வந்துவிட்டது. ஆனாலும் முகாமில் ஆள் நிறையச் சேர்ந்துவிட்டால் ஜாடியைத்தான் எடுக்கிறோம்.

நம் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் உனக்குப் பிடிக்காது. முங்கினவன், மெதந்தவன். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் இளவட்டங்கள் வரிசையில் நின்று, யாருடைய சொட்டு மிதந்தாலும் ஓவென்று கூச்சல் போடுவார்கள். மிதந்தவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பிப் போவான், அன்று முழுக்க அவனுக்கு அதே கேலி. மிதந்தது நானாக இருந்தால் நாலு அறை விட்டிருப்பேன். உனக்குத்தான் தெரியுமே, எனக்கு வாய் முந்தும். "உனக்கு ரத்தம் பத்தாதுய்யா, போய்க் கீரையத் துன்னுட்டு வா" என்று நான் சொன்னால், போனவன் அதற்கப்புறம் முகாம் பக்கமே வரமாட்டான். அதனால்தான் என்னை மொளகா என்று கூப்பிட்டாய். ஆஸ்பத்திரி முழுக்க அந்தப் பெயர் பரவிப் போய், டீன் அறைக்கு வெளியே நிற்கிற அட்டெண்டர் வரைக்கும் வாய்தவறிச் சொல்லிவிட்டுக் கையைப் பிசைவார்.

நீ அப்படிச் சொல்ல மாட்டாய். சொட்டு மிதந்தால், ஜாடியை மெல்ல உன் பக்கமாகத் திருப்பி, வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரியாமல் உடம்பால் மறைத்துக்கொண்டு, பஞ்சை விரலில் வைத்து அழுத்தியபடியே, "இன்னிக்கு இது உனக்கே வேணும். வெச்சிக்கோ" என்பாய். அவ்வளவுதான். கேட்டவர்கள் ஏதோ பரிசு வாங்கின மாதிரி எழுந்து போவார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா தாத்தா ஒருவர், வயது தாண்டிவிட்டது என்று தெரிந்தும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவரிடமும் அதையேதான் சொன்னாய். அவர் எழுந்து நின்று உனக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போனார். நான் சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும்.

மேட்டுப்பாளையத்தில் அந்தச் சித்திரை மாத முகாமுக்குப் பிறகுதான் உன் முதல் சொட்டு வழக்கம் ஆரம்பித்தது. முந்தின நாள் கலந்த ஜாடியை யாரோ மூடாமல் ஃபேனுக்கு அடியிலேயே வைத்துவிட்டார்கள். தண்ணீர் வற்றி, மீதி கனத்துப் போய்விட்டது. காலையில் வந்த லோடுமேன்கள், ஒவ்வொருவரும் அரை மூட்டை அரிசியைத் தின்று செரிக்கிறவர்கள், வரிசையாக மிதந்தார்கள். நாலாவது ஆள் மிதந்தபோது நீ நிறுத்தினாய். ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாய், பிறகு ஊசியை எடுத்து உன் விரலிலேயே குத்தி ஒரு சொட்டு விட்டாய். அதுவும் மிதந்தது. "தண்ணிதாண்டி தப்பு, ஆளுங்க இல்ல" என்றாய். ஜாடியைக் கொட்டி, புதிதாகக் கலந்து, திருப்பி அனுப்பியவர்களை லாரி லாரியாகத் தேடிப் போய்க் கூட்டி வந்தாய். அவர்கள் முகத்தில் உயிர் வந்ததை நான் பார்த்தேன். அதற்கப்புறம் எந்த முகாமானாலும் முதல் சொட்டு உன்னுடையதுதான். எந்தப் புத்தகத்திலும் அப்படி இல்லை. தண்ணீரின் கனத்தை அளக்கிற கண்ணாடிக் குழாய் இருக்கிறது, அதை வைத்துப் பார்த்தால் போதும். நீ அதையும் பார்ப்பாய், விரலிலும் குத்திக்கொள்வாய். "என்னுது முங்குனாதான் அடுத்தவங்கள மெதந்தவங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரும்" என்பாய்.

தேங்காய்த்திட்டில் முகாம் முடிந்து, துறைமுகத்துப் பையன்கள் ஜாடியைக் கழுவித் தருகிறோம் என்று மிச்சத் தண்ணீரைப் படகுப் பக்கம் கொண்டுபோனபோது நீ ஓடியதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மீன் கூடைகளைத் தாண்டி ஓடிப் பிடித்துவிட்டாய். அது மீனுக்கு விஷம் என்று மீன் பிடிக்கிறவர்களிடமே போய்ச் சொன்னாய். நம் வாயில் பட்டாலும் குடலைப் புரட்டிவிடும் என்றாய். அந்தப் பழைய தண்ணீரைக் கேனில் ஊற்றி வேனில் ஏற்றி நாம் திரும்பக் கொண்டு வந்தோம். வழியெல்லாம் அது என் மடியில்தான் இருந்தது, வெள்ளைக் கோட்டில் பட்ட கறை இன்னும் போகவில்லை. அன்றைக்கு உன்னைத் திட்டினேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமையாக இருந்தது, அதையும் அப்போதே சொல்லியிருக்கலாம்.

பிறகு அந்தச் சேதராப்பட்டு முகாம். நீ வழக்கம்போல் முதல் சொட்டை விட்டாய். அது அடியில் போகவில்லை. மேலேயே சிவப்பாக நின்றது.

நீ கொஞ்சமும் பதறவில்லை. வெயில் அதிகம், தண்ணி வத்தியிருக்கும் என்றாய். புதிதாகக் கலந்தோம். அளவு சரியாக இருந்தது. மறுபடியும் உன் சொட்டு மிதந்தது. அதையும் கொட்டிவிடலாம் என்றாய். நான் என் விரலில் குத்தி ஒரு சொட்டு விட்டேன். என்னுடையது கல் மாதிரி நேராக அடியில் போய் உட்கார்ந்தது. நாம் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். வெளியே வரிசையில் ஆட்கள் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் சரியாகத்தான் இருந்தது. சில மாதமாகவே மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாயே, வயசாகிறது என்று சொல்வாயே, அதெல்லாம் அப்போதுதான் எனக்கு ஒன்றாகச் சேர்ந்து புரிந்தது.

நீ பஞ்சை விரலில் அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாய். "சொல்லேண்டி. எல்லார்கிட்டயும் சொல்றோம்ல, எனக்கும் சொல்லு" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் நீயே, "இன்னிக்கு இது எனக்கே வேணும்" என்று சொல்லிக்கொண்டு நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டாய். அன்றைக்கு விரல் குத்துகிற வேலை முழுக்க என்னுடையது. நீ பக்கத்தில் உட்கார்ந்து பேர் எழுதினாய். முகாம் முடியும்வரை எழுந்து போகவில்லை. முடிந்ததும் வேனை நேராக ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னாய், வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சாக்குச் சொல்லவில்லை. எத்தனையோ பேருக்கு நீ சொன்ன புத்தி அது, தனக்கு என்று வந்தபோதும் அதைத் தட்டிக் கழிக்காத ஒரு ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எலும்பு மஜ்ஜை ரத்தம் ஊறவைப்பதை நிறுத்திக்கொண்டிருக்கிறது என்றார்கள். அதற்கப்புறம் மாதத்துக்கு மாதம், பிறகு வாரத்துக்கு வாரம் உனக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. உன் வகை ஓ நெகட்டிவ். ஊருக்கெல்லாம் கொடுக்கலாம், வாங்குவதென்றால் அதே வகையில்தான் வாங்க வேண்டும். நம்மிடம் பதிவு செய்திருந்தவர்கள் எல்லோரும் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து கொடுத்தார்கள். கொடுத்தவர்களிடம் மறுபடி எடுக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரு நாள் காலையில், இருப்பில் ஒரு பை கூட இல்லை, உனக்கு மூச்சு வாங்குகிறது. விழுப்புரம், கடலூர் என்று எல்லா இடத்துக்கும் போன் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அஞ்சலை வந்தாள்.

அஞ்சலையை உனக்குத் தெரியும். சேதராப்பட்டில் பிளாஸ்டிக் கேன் செய்கிற கம்பெனியில் வேலை செய்கிறவள். ஓ நெகட்டிவ். உன்னிடம் இரண்டு முறை கொடுத்திருக்கிறாள். விஷயம் கேள்விப்பட்டு, ஷிஃப்டை விட்டுவிட்டு, யூனிஃபார்மோடு பஸ் ஏறி வந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்குக் கும்பிடத் தோன்றியது. உட்கார வைத்து விரலில் குத்தினேன். சொட்டு இறங்கியது. பாதி வரைக்கும் போய், அங்கே கொஞ்சம் நின்றது. பிறகு மெதுவாக மேலே ஏறி வந்தது.

மெஷினில் வைத்தும் பார்த்தேன். இருக்க வேண்டிய அளவுக்குக் கொஞ்சம்தான் கீழே. கொஞ்சம்தான்டி. அறையில் நானும் அவளும் மட்டும்தான் இருந்தோம். மாடி வார்டில் நீ இருந்தாய். எழுதுகிறவள் நான். முங்கியது என்று நான் எழுதினால் முங்கியதுதான், கேட்க ஆள் இல்லை. அவள் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "மேடம், அவங்களுக்குத்தான. எடுத்துக்குங்க. எனக்கு ஒன்னும் ஆவாது" என்றாள். கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணுக்குக் கீழே வெளுத்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அவளுக்குச் சின்னப் பிள்ளைகள் இரண்டு இருக்கிறார்கள், வேலை முழுக்க நின்றுகொண்டே செய்கிறவள். எடுத்துவிடலாம் என்றுதான் எனக்கு இருந்தது. சத்தியமாக இருந்தது. உன்னைவிட எனக்கு யார் பெரிது?

ஜாடியை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். பஞ்சை அவள் விரலில் வைத்து அழுத்தினேன். உன்னுடைய அந்த வார்த்தையை அவளிடம் சொன்னேன். அவள் அழுதாள். நானும் அழுதேன். அவளை உள்ளே கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டி, சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நம் டிரைவர் அண்ணனோடு அனுப்பினேன். பிறகு மறுபடியும் போனை எடுத்தேன். ஒவ்வொரு இடத்திலும் இல்லை என்று சொன்னபோது, ஜாடி இருந்த பக்கம் திரும்பவே எனக்குப் பயமாக இருந்தது. சாயங்காலம்தான் கடலூரில் ஒரு பை கிடைத்தது.

உனக்கு அது ஏறிக்கொண்டிருந்தபோது நான் கட்டில் ஓரம் நின்றேன். முகத்தில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. கண்ணைத் திறந்து மேலே தொங்கிய பையைப் பார்த்தாய். யாருடையது என்று கேட்டாய். கடலூரில் இருந்து வந்தது என்றேன். நம்மிடம் யாரும் வரவில்லையா என்றாய். உன்னிடம் பொய் சொல்லத் தெரியாமல் அஞ்சலை வந்ததைச் சொன்னேன்.

"முங்குச்சா?"

"இல்ல. பாதில திரும்பிடுச்சி."

"இன்னா பண்ண?"

"அனுப்பிட்டேன்."

"திட்டாமயா?"

"திட்டாமதான்."

நீ சிரித்தாய், மொளகாயா இப்படி என்று. சிரித்துக்கொண்டிருக்கும்போதே உன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் நீ அழுது நான் பார்த்ததில்லை. ஊசி குத்தாத கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். உன் கை அவ்வளவு லேசாகிவிட்டிருந்தது.

"காலைல இருந்து அதான்டி பயந்துகினு கெடந்தேன். எனக்குன்னு வந்தா, மெதந்தவங்ககிட்ட நீ எடுத்துடுவியோன்னு."

அதற்கப்புறம் நீ ஐந்தாறு மாதம் இருந்தாய். எவ்வளவோ பேசினோம், அதில் பாதி எனக்கு மறந்துவிட்டது. இது மட்டும் மறக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்த நேரத்தில், உன் பயம் முழுக்கக் கீழே என் மேஜையில் உட்கார்ந்திருந்த முகம் தெரியாத யாரோ ஒருத்திக்காக இருந்திருக்கிறது. என்னையும் நீ எவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருந்தாய் என்று நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. உன் மாதிரி ஒருத்தி என் பக்கத்து நாற்காலியில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தாளே என்று பெருமையாகவும் இருக்கிறது.

முகாம்கள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. இப்போதும் ஏதாவது ஒரு சொட்டு பாதித் தண்ணீரில் நின்று யோசிக்கிறபோது, மாடியில் ஒருத்தி பயந்துகொண்டு படுத்திருக்கிறாள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அது எந்தப் பக்கம் போகிறது என்று தெரிகிறவரைக்கும் நான் மூச்சுவிடுவதில்லை. மேலே வந்தால், மிதந்தது என்றுதான் எழுதுகிறேன்.